நாட்டைத் தட்டினால் ஊரைக் காணோம்: ஒரு கல்வெட்டுத் தரவுத்தளத்தில் எதிர்த்திசைத் தேடல்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுவோம். மொத்தம் ஐந்து பேர். நான்கு பேருக்கு மென்பொருள் வேலை. ஐந்தாமவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எங்களுக்கு 'ஐயா'. பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளை இணைப்புத் தரவாக, அதாவது லிங்க்டு டேட்டாவாக மாற்றுவதுதான் அந்தக் காலைப் பொழுதின் வேலை. மூலம் பெரும்பாலும் கல்வெட்டு ஆய்வாளர் பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட, எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதி. பழைய பெங்களூரு மாவட்டத்துக் கல்வெட்டுகளுக்கான தொகுதி அது.

ஒரு ஞாயிறு ஐயா கையில் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். "தம்பி, தொம்பலூரைத் தட்டினா இலைப்பாக்க நாடுன்னு சரியா வருது. அந்த நாட்டைத் தட்டினா தொம்பலூரைக் காணோமே?"

பார்த்தேன். நாடு என்றால் இங்கே தேசம் அல்ல, சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த ஆட்சிப் பகுதி. இலைப்பாக்க நாட்டின் பக்கத்தில் 'இந்த நாட்டு ஊர்கள்' என்ற தலைப்பின் கீழ் இரண்டே இரண்டு பெயர்கள். தொம்பலூர் என்பது இன்றைய டொம்லூர். அங்குள்ள சொக்கநாதசாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை நாங்கள் முதல் மாதத்திலேயே ஏற்றிவிட்டோம். இலைப்பாக்கம் என்பது எலகங்காவின் பழைய பெயர். இந்த இரண்டும் சேராமல் ஒரு பக்கம் எப்படி வரும்?

இணைப்புத் தரவை எழுதும் முறைக்கு ஆர்டிஎஃப் என்று பெயர், அது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டாக இருக்கும். ஐயாவுக்கு நான் எழுவாய், உறவு, செயப்படுபொருள் என்று சொல்லித்தான் புரியவைத்தேன், இலக்கணம் படித்தவருக்கு அதுவே போதுமாக இருந்தது. தொம்பலூர், உட்பட்டது, இலைப்பாக்க நாடு. இது ஒரு டிரிப்பிள். எழுவாயிலிருந்து செயப்படுபொருளுக்கு ஒரு அம்பு போகிறது. அம்புக்குத் திசை உண்டு.

அந்தத் திசை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாங்கள் யோசிக்கவே இல்லை. கல்லில் வெட்டியவர் இராசேந்திர சோழ வளநாட்டு இலைப்பாக்க நாட்டுத் தொம்பலூர் என்ற மாதிரி எழுதுகிறார் (வளநாடு என்பது நாட்டைவிடப் பெரிய பகுதி). நாம் இன்றும் கடித உறையில் ஊரையும் மாவட்டத்தையும் எழுதுகிற அதே காரணம்தான். ஊரில் நின்றுகொண்டு அது எதற்குள் இருக்கிறது என்று சொல்கிறார். நாட்டில் நின்றுகொண்டு தன் ஊர்களை வரிசையாகச் சொல்லும் கல் எங்கள் கைக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆகவே அம்பு எப்போதும் சின்னதிலிருந்து பெரியதற்குப் போகிறது. கேள்வி கேட்பவரோ பெரியதில் நிற்கிறார்.

முதலில் பதிவுப் படிவத்தைத் திறந்தேன். வடிவமைத்ததும் நான்தான், ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தேன்: 'எதற்கு உட்பட்டது', 'இதில் அடங்கியவை'. முதல் பெட்டியை எல்லோரும் நிரப்பியிருந்தார்கள், ஏனென்றால் கல்லே அதைச் சொல்கிறது. இரண்டாவதை யாரோ ஆர்வமாக இருந்த ஒரு நாளில் இரண்டு ஊருக்கு மட்டும் நிரப்பிவிட்டு விட்டுவிட்டார். நாட்டின் பக்கத்தை உருவாக்கும் குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் நாங்கள் கேட்கும் கேள்வி, இரண்டாவது உறவை மட்டுமே படித்தது. உள்ளே தகவல் முழுதாக இருந்தது, கேட்ட திசையில் இல்லை. அவ்வளவுதான் கோளாறு.

சரி, விடுபட்டதை நிரப்பிவிடலாம் என்று அன்று சாயங்காலமே ஒரு சிறு நிரல் எழுதினேன். எங்கெல்லாம் 'உட்பட்டது' இருக்கிறதோ அங்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் 'அடங்கியவை' சேர்க்கும். ஓட்டினேன், பக்கம் நிறைந்தது, ஐயா சந்தோஷப்பட்டார்.

ஒரு மாதம் தாங்கியது. ஒரு ஊரைத் தவறான நாட்டில் போட்டிருந்ததைக் குழுவில் ஒருவர் திருத்தினார். 'உட்பட்டது' மாறியது. பழைய நாட்டின் 'அடங்கியவை' அப்படியே நின்றது. நிரல் அடுத்த முறை ஓடியபோது புதிய நாட்டிலும் அதைச் சேர்த்தது. இப்போது அந்த ஊர் இரண்டு நாடுகளிலும் இருந்தது. எது சரி என்று பார்க்க வந்தவருக்கு எந்த வழியும் இல்லை. ஒரு செய்தியை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் ஒன்று பொய்யாகும் நாள் வரும், இது கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். நாங்கள் பொறியாளர்கள், கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொள்வோம்.

அதைவிட ஐயா எழுப்பிய ஆட்சேபம் ஆழமானது. ஒவ்வொரு 'உட்பட்டது' வரிக்கும் நாங்கள் எந்தக் கல் சான்று என்று குறித்திருந்தோம். நிரல் சேர்த்த 'அடங்கியவை' வரிகளுக்குச் சான்று ஏது? "இலைப்பாக்க நாட்டில் இந்த ஊர்கள் அடங்கும்னு எந்தக் கல்லு சொல்லுது, காட்டு" என்றார். என்னிடம் பதில் இல்லை. அது கல் சொன்னதல்ல, நாங்கள் திருப்பிப் போட்டது. இரண்டும் ஒரே நிறத்தில் தரவுத்தளத்தில் கிடந்தன.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2004இல் வந்த ஓடபிள்யூஎல் என்ற மொழியில் இரண்டு உறவுகளை ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று ஒரே வரியில் அறிவிக்கலாம். அப்புறம் அனுமானம் செய்யும் எந்திரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறிவிப்பு இருப்பதாலேயே பதில் வந்துவிடாது. அனுமான எந்திரம் இயங்கினால்தான் வரும். எங்கள் சேமிப்பகமான அப்பாச்சி ஜீனாவில் அதை இயக்கலாம், நாங்கள் இயக்கியிருக்கவில்லை. யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளமான விக்கிடேட்டாவும் இதே கதைதான். அங்கே உறவுக்குப் பண்பு என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஓர் இடம் எந்த ஆட்சிப் பகுதிக்குள் இருக்கிறது என்பது பி131, ஓர் ஆட்சிப் பகுதி எவற்றைக் கொண்டது என்பது பி150. ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று பண்புகளின் பக்கத்தில் குறித்தும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை நிரப்பினால் மற்றது தானாக நிரம்புவதில்லை. ஆகவே அங்கே பி150யை மட்டும் நம்பிப் பட்டியல் எடுப்பவர் எங்கள் ஐயாவுக்கு நேர்ந்ததையே சந்திப்பார்.

கடைசியில் செய்தது மிகச் சாதாரணமான காரியம். 'அடங்கியவை' என்ற உறவையே தரவிலிருந்து நீக்கினோம். படிவத்தில் அந்தப் பெட்டியையும் எடுத்தோம். நாட்டின் பக்கத்துக்கான குவெரியை இப்படி மாற்றினோம்:

இடம்:இலைப்பாக்கநாடு ^உறவு:உட்பட்டது ?ஊர் .

குவெரியின் கட்டளைச் சொற்களை விட்டுவிட்டு அடைப்புக்குள் வரும் பகுதியை மட்டும் காட்டுகிறேன். பெயர்கள் தமிழில் இருக்கின்றனவே, ஓடுமா என்று கேட்காதீர்கள், ஓடும். கேள்விக்குறியோடு தொடங்கும் மாறிகளின் பெயரிலும் முக்காற்புள்ளிக்கு முன் வரும் முன்னொட்டிலும் தமிழ் எழுத்துகளை, குவெரி எழுதும் மொழியான ஸ்பார்க்லின் இலக்கணம் அனுமதிக்கிறது, புள்ளியும் கொம்பும் உட்பட. எங்கள் குழுவில் இதைக் கண்டுபிடித்த நாள் ஒரு சின்ன விழா மாதிரி இருந்தது.

அந்தக் கூரை போன்ற குறி, கேரட், அம்பை எதிர்த்திசையில் நட என்று சொல்கிறது. 2013 மார்ச்சில் வந்த ஸ்பார்க்ல் 1.1இல், பல அம்புகளைத் தொடராக நடக்கும் பாதைகளோடு சேர்ந்து வந்தது. உண்மையைச் சொன்னால் இந்த ஒரு வரிக்கு அது தேவையே இல்லை. எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி

?ஊர் உறவு:உட்பட்டது இடம்:இலைப்பாக்கநாடு .

என்று எழுதினாலும் அதே பதில்தான். 2008இன் ஸ்பார்க்லிலேயே இது முடியும். நாங்கள் ஒரு மாதம் சுற்றிய சுற்றுக்கு இந்த ஒரு வரி இடமாற்றம் போதுமாக இருந்தது என்பதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். கேரட் தன் மதிப்பைக் காட்டுவது பாதையின் நடுவில் திசை மாறும்போது. தொம்பலூரின் அண்டை ஊர்கள், அதாவது அதே நாட்டைச் சேர்ந்த மற்ற ஊர்கள் வேண்டும் என்றால் மேலே ஏறி மறுபடி கீழே இறங்க வேண்டும்:

இடம்:தொம்பலூர் உறவு:உட்பட்டது/^உறவு:உட்பட்டது ?அண்டை .

இதில் தொம்பலூரே தனக்கு அண்டை ஊராக வந்து நிற்கும். வடிகட்ட வேண்டும்.

எதிர்த்திசையில் தேடுவது மெதுவாக இருக்காதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான சந்தேகம். ஜீனாவின் டிடிபி போன்ற சேமிப்பகங்கள் ஒவ்வொரு டிரிப்பிளையும் மூன்று வரிசையில் அடுக்கி வைக்கின்றன: எழுவாய் முதலில், உறவு முதலில், செயப்படுபொருள் முதலில். நூலகத்தில் ஆசிரியர் பெயருக்கு ஒரு அட்டவணை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று வைத்திருப்பது போல. நாடு தெரியும், உறவு தெரியும், ஊர் தெரியாது என்றால் இரண்டாவது அடுக்கில் நேராகப் போய் எடுத்துவிடும். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது சேமிப்பகத்துக்குப் பொருட்டே இல்லை. பொருட்டாக இருப்பது எதிரே எத்தனை அம்புகள் வந்து விழுகின்றன என்பதுதான்.

அதை நாங்கள் விக்கிடேட்டாவில் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் பக்கங்களில் பெங்களூரில் பிறந்த அறிஞர்கள் என்று ஒரு சிறு பகுதி வைக்க ஆசை. பிறந்த இடம் என்பதற்கு அங்கே எதிர்ப் பண்பு கிடையாது, இருக்கவும் கூடாது. நகரத்தின் பக்கத்தில் அத்தனை பேரின் பெயரையும் யார் எழுதுவது? எதிர்த்திசைதான் ஒரே வழி. எங்களில் ஒருவர் 'மனிதர்' என்ற கணுவிலிருந்து (அம்புகள் வந்து சேரும் புள்ளிதான் கணு) பின்னோக்கிக் கிளம்பும்படி உள்குவெரி ஒன்று எழுதிவிட்டார். அந்தக் கணுவை நோக்கி 1 கோடிக்கும் மேற்பட்ட அம்புகள் வருகின்றன. விக்கிடேட்டாவின் பொதுச் சேவை ஒரு குவெரிக்கு 60 விநாடி தரும், அப்புறம் அறுத்துவிடும். அறுத்தது. நகரத்திலிருந்து கிளம்பி, உட்பகுதிகளுக்கு இறங்கி, அங்கிருந்து பிறந்தவர்களுக்குப் போகும்படி மாற்றியதும் பதில் வந்துவிட்டது.

இனி, எனக்கு ஒரு முழு சனிக்கிழமையைத் தின்ற பிழை. ஒரு நாட்டில் கிடைத்த எல்லாக் கல்லும் வேண்டும். கல்லிலிருந்து கிளம்பினால் பாதை எளிது: கிடைத்த இடம், அப்புறம் உட்பட்டது. இதையே நாட்டிலிருந்து எழுத, முழுப் பாதைக்கும் முன்னால் ஒரு கேரட் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

இடம்:இலைப்பாக்கநாடு ^உறவு:கிடைத்தஇடம்/உறவு:உட்பட்டது ?கல் .

பதில்: பூஜ்யம். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கேரட் தனக்கு அடுத்து இருக்கும் ஒரு படியை மட்டும்தான் பிடிக்கும். ஆகவே இந்த வரி, நாட்டைக் கிடைத்த இடமாகக் கொண்ட கல்லைத் தேடி, அந்தக் கல் எதற்கு உட்பட்டது என்று கேட்கிறது. அப்படி எதுவும் இல்லை, வெறும் கை. இலக்கணப்படி எந்தத் தவறும் இல்லாத கேள்வி, ஆகவே ஸ்பார்க்ல் மரியாதையாகக் காலி அட்டவணையை நீட்டியது. பாதை முழுவதையும் அடைப்புக்குள் போட்டு வெளியே கேரட் வைத்திருக்க வேண்டும்:

இடம்:இலைப்பாக்கநாடு ^(உறவு:கிடைத்தஇடம்/உறவு:உட்பட்டது) ?கல் .

அல்லது கையால் திருப்பினால், படிகளின் வரிசையும் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேரட் வரும்:

இடம்:இலைப்பாக்கநாடு ^உறவு:உட்பட்டது/^உறவு:கிடைத்தஇடம் ?கல் .

படி ஏறி வந்தவர் இறங்கும்போது கடைசிப் படியில்தானே முதல் கால் வைப்பார். எனக்கு இரண்டாவது வடிவம்தான் பிடிக்கும். வாசிக்கும்போது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரிகிறது. நாட்டுக்குள் நாடு, வளநாட்டுக்குள் நாடு என்று எத்தனை படி இருக்கும் என்று தெரியாத இடத்தில் உட்பட்டதுக்குப் பின்னால், எத்தனை முறை வேண்டுமானாலும் என்று சொல்லும் உடுக்குறி (*) சேர்க்க வேண்டும். ஸ்பார்க்ல் கேரட்டுக்கு முன் உடுக்குறியைத்தான் கட்டும், ஆனால் இந்த இடத்தில் எப்படிக் கட்டினாலும் பதில் ஒன்றே.

இந்தக் குவெரி ஓட ஆரம்பித்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. மடிவாளம் சோமேசுவரர் கோயில் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் நிலம் கொடுத்ததைச் சொல்வது. வேப்பூர் என்றால் இன்றைய பேகூர். கல் கிடைத்த இடம் ஒன்று, கல் பேசும் ஊர் இன்னொன்று. பேகூரின் பக்கத்தில் இந்தக் கல் வர வேண்டுமா? வர வேண்டும் என்பது ஐயாவின் கட்சி. வரலாம், ஆனால் கலந்து வரக் கூடாது என்பது என் கட்சி. ^(உறவு:கிடைத்தஇடம்|உறவு:குறிப்பிடும்ஊர்) என்று நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டையும் ஒன்றாகத் திருப்பலாம், சுருக்கமாக இருக்கும். ஆனால் எந்த வழியாக வந்தது என்பது பதிலில் தொலைந்துவிடும். இரண்டு தனிக் குவெரி, இரண்டு தனித் தலைப்பு என்று முடித்தோம்.

பெயர்ச் சிக்கல் தனிக் கதை. தொம்பலூருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஒரு பெயர் உண்டு, கல்வெட்டே சொல்கிறது. எங்களில் இருவர் தனித்தனியாக இரண்டு கணுக்களை உருவாக்கிவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு 'அதுவே' என்று ஒரு அம்பு போட்டிருந்தார்கள். சகலை என்ற உறவு மாதிரி இது. நான் உங்களுக்குச் சகலை என்றால் நீங்களும் எனக்குச் சகலை, சொல்லே மாறாது. சம்பந்தியும் அப்படித்தான். மனிதர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். அனுமானம் இயங்காத சேமிப்பகத்துக்குத் தெரியாது, அதற்கு அம்பு போன பக்கம் மட்டும்தான் உறவு. அதனால் இரண்டு பக்கமும் நடக்கச் சொல்ல வேண்டும்:

இடம்:தொம்பலூர் (உறவு:அதுவே|^உறவு:அதுவே)* ?வேறுபெயர் .

எந்தக் கணுவிலிருந்து தொடங்கினாலும் மொத்தக் கூட்டமும் வந்துவிடும்.

தந்தை என்ற உறவு வேறு வகை. திருப்பினால் மகனா மகளா என்று சொல்லிவிட முடியாது. கணினிக்கு அந்தக் கவலை இல்லை, பெயரில்லாமலே திரும்பி நடந்துவிடும். ஆனால் பக்கத்தில் தலைப்பு வைக்க வேண்டியவர் நாம். 'நிலம் கொடுத்தவர்' என்பதைத் திருப்பி 'கொடைகள்' என்று எழுதலாம். 'எழுத்து வெட்டியவர்' என்பதைத் திருப்பினால் என்ன பெயர் என்று அரை மணி நேரம் பேசினோம். 'இவர் கை பட்ட கற்கள்' என்று ஐயா வைத்தார். அதுவே நின்றது.

எல்லாவற்றையும்விட எங்களைப் படுத்தியது காலம். ரைஸின் தொகுதி ஓர் ஊரை 1905இன் பெங்களூரு மாவட்டத்து ஒரு தாலுகாவில் வைக்கிறது. அந்த மாவட்டம் 1986இல் நகர்ப்புறம், ஊரகம் என இரண்டானது. 2007இல் ஊரகத்திலிருந்து ராமநகரம் பிரிந்தது. மாகடிக்கும் சென்னபட்டணத்துக்கும் மேலிடம் மாறிவிட்டது. இதற்கு அடியில் சோழர், ஹொய்சளர் கால நாடும் வளநாடும். ஓர் ஊரிலிருந்து மேலே மூன்று ஏணிகள். மேலே ஏறும்போது மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். கீழே இறங்கும்போதுதான் குழப்பம்: பெங்களூரு மாவட்டத்திலிருந்து என்றால் எந்த ஆண்டின் மாவட்டம்?

நேரடி அம்பு இங்கே போதவில்லை. ஊருக்கும் மேலிடத்துக்கும் நடுவே ஒரு பதிவுக் கணுவை வைத்தோம். காலமும் சான்றுக் கல்லும் அதில் தொங்கும். இறங்கும் பாதை இப்படி ஆனது:

இடம்:இலைப்பாக்கநாடு ^உறவு:மேலிடம் ?பதிவு .
?பதிவு ^உறவு:இடப்பதிவு ?ஊர் ; உறவு:சான்று ?கல் .

ஐயாவின் பழைய ஆட்சேபம் இங்கே தீர்ந்தது. நாட்டின் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே எந்தக் கல் சொல்கிறது என்றும் வருகிறது. விக்கிடேட்டாவிலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். அங்கே சுருக்குவழி முன்னொட்டில் கேட்டால், தரம் உயர்ந்த பதிவு ஒன்று இருக்கும் இடத்தில் பழைய மேலிடங்கள் கண்ணுக்கே படாது. வரலாறு வேண்டுபவர் பதிவுக் கணு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

திருப்பி எடுக்க முடியாத ஒன்றும் உண்டு: வரிசை. ஒரு கல்வெட்டு கொடையின் எல்லைகளைக் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சொல்லிப் போகும். எல்லையிலிருந்து கல்லுக்கு அம்பு வைத்துத் திருப்பினால் நான்கும் கிடைக்கும், எது முதலில் என்பது கிடைக்காது. அங்கே மட்டும் கல்லின் பக்கத்திலேயே பட்டியலாக எழுதி வைத்திருக்கிறோம்.

மாற்றங்களை ஏற்றிய ஞாயிறன்று ஐயா இலைப்பாக்க நாட்டைத் தட்டினார். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இந்த ஊரு இங்க வராதே. இது வேற நாடுல்ல?"

சான்று என்று காட்டிய கல்லைத் திறந்து வாசித்தோம். அவர் சொன்னதுதான் சரி. படிவத்தில் கீழிறங்கும் பட்டியலிலிருந்து யாரோ தவறான நாட்டைத் தேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பெயர் மட்டும் காட்டிக்கொண்டிருந்த பழைய பக்கத்தில் இது ஒருபோதும் வெளியே வந்திருக்காது.

"யாரு தம்பி இதைப் போட்டது?"

பதிவேட்டைப் பார்த்தேன். ஐயாவின் கணக்கு. டேப்லெட்டை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.